தட்டுக்கு வெளியே

கோபிச்செட்டிபாளையத்துக்காரர் ஒருவர் பதினோரு மாதமாக ஒரே வாயில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மதியம் ஒரு மணிக்கு அவருடைய தட்டில் சோறு விழும். பின்னாலேயே குழம்பும் பொரியலும் வரும். ஓரமாக இரண்டு ஜாங்கிரி, இல்லையென்றால் நாலு வெல்லக் கச்சாயம். அதன்பின் இருபது நிமிடம் ஒன்றும் நடக்காது. பிறகு அத்தனையும் ஒரே நொடியில் மறைந்துவிடும். அரைக்கிலோவுக்கு மேல் சாப்பாடு, ஒரே ஒரு நொடி. தட்டை எடைபோட்டுக் கவனிக்கும் நிழலகத்தின் கணினி இதைக் கண்டுகொள்ளவே இல்லை. தட்டில் வைத்தது தட்டில் இல்லையென்றால் அது வயிற்றில் இருக்கிறது என்றுதான் அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அது பாட்டுக்கு எழுதிக்கொண்டது.

கண்டுகொண்டவன் சபரிநாதன். வேலை மேல் உள்ள அக்கறை என்று அவனை யாரும் பாராட்டிவிட வேண்டாம். அவனும் ஒரு மணிக்குத்தான் சாப்பிடுவான். கோவை சரவணம்பட்டியில், குளிரூட்டிய அடித்தளத்தில், திரைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து டப்பாவைத் திறப்பான். தயிர்சாதம், ஊறுகாய். அதே நேரத்துக்குத் தட்டு வைக்கிற ஆட்களைத் தேடி, 4417 என்ற எண்ணைப் பிடித்து வைத்திருந்தான். கூட உட்கார்ந்து சாப்பிட ஆள் இல்லாதவன் வேறு என்ன செய்வான்? அங்கே சோறு விழுந்ததும் இங்கே இவன் முதல் வாயை எடுப்பான். வயது நாற்பத்து மூன்று. கல்யாணப் பேச்சு முப்பத்தைந்தோடு அடங்கிவிட்டது. அம்மா போனபின் அதைக் கிளப்பவும் ஆளில்லை.

அவனைச் சுற்றி ஒன்பதாயிரம் கண்ணாடிக் குப்பிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் அரிசி அளவுக்கு ஒரு கணையம். சுகாதாரத் திட்டத்தில் சேர்ந்தவர்களின் ரத்தத்திலிருந்து வளர்த்தெடுத்த நிழல் கணையம். ஆள் திட்டம் கொடுத்த தட்டில் என்ன சாப்பிடுகிறாரோ, அதற்கான சத்தைக் குழாய் வழியாக நிழலுக்கும் ஊட்டுவார்கள். ஆளுக்கு ஒரு நாள் ஓடினால் நிழலுக்குப் பத்து நாள் ஓடும். ஆகவே இன்றைய சாப்பாடு பத்து வருடம் கழித்து என்ன செய்யும் என்பதை நிழல் ஒரே வருடத்தில் காட்டிக்கொடுத்துவிடும். நிழலுக்குச் சர்க்கரை நோய் வந்தால், ஆளின் தட்டோரத்தில் எரியும் பச்சை விளக்கு சிவப்பாகும். ஆள் நாக்கைக் கட்டிக்கொள்வார். வீட்டுக்கு வீடு சர்க்கரை மாத்திரை டப்பா இருந்த காலத்தில் இது பெரிய காரியம்தான், மறுப்பதற்கில்லை.

குப்பிகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஆளின் பெயர் தெரியக்கூடாது என்பது விதி. எண் தெரியும், ஊர் தெரியும், சாப்பாடு தெரியும். சபரிநாதன் கோவை வட்டாரத்தில் ஒன்பதாயிரம் பேர் நேற்று என்ன சாப்பிட்டார்கள் என்று சொல்லுவான். அவன் என்ன சாப்பிட்டான் என்று கேட்கத்தான் யாருமில்லை.

4417 விஷயத்தை மேலாளர் ரூபவதியிடம் சொன்னான்.

"மேடம், இவரோட கைப்பட்டைல இருந்து பதினோரு மாசமா ஒண்ணுமே வரல. ரத்தச் சர்க்கரை இல்ல, நாடி இல்ல. தட்டு மட்டும் பேசுது."

"பட்டையக் கழட்டி வெச்சிருப்பார். தட்டு பேசுதுல்ல? அப்ப ஆள் இருக்கார்."

"ஒரே நொடியில சாப்பிடறார் மேடம்."

"பசியோ என்னமோ!" ரூபவதி சிரித்தாள். "சரி, புதுப் பட்டை ஒண்ணு எடுத்துட்டு நேர்ல போய் மாட்டிட்டு வாங்க. அப்படியே வெளிக்காத்தும் பட்ட மாதிரி இருக்கும். நீங்க லீவு போட்டு எத்தன வருஷமாச்சு?"

முகவரிச் சீட்டில் முதல் தடவையாகப் பெயரைப் பார்த்தான். தனபால், வயது அறுபத்தொன்று, ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர். தன்னோடு பதினோரு மாதம் சாப்பிட்ட மனிதரைப் பார்க்கப் போகிறோம் என்பதில் அவனுக்கு உள்ளூர ஒரு குஷி. காந்திபுரத்தில் பஸ் ஏறும்போது நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு வந்ததை நினைத்துத் தனக்குத் தானே வெட்கப்பட்டான்.

கோபியில் வீட்டைக் கண்டுபிடித்தபோது மணி பன்னிரண்டரை. கதவைத் திறந்த அம்மாவுக்கு அறுபதை ஒட்டிய வயது. நெற்றியில் திருநீறு, கையில் கரண்டி. அவன் சட்டையில் குத்தியிருந்த நிழலக அட்டையைப் படித்ததும் கரண்டி அப்படியே நின்றது.

"நிழலகத்துல இருந்துங்ளா?" என்றாள்.  "வந்துருச்சுங்ளா தம்பி? அவருக்குச் சர்க்கரை வந்துருச்சுங்ளா?"

இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை, எண்ணை மட்டும் சொல்லித் தொலைபேசியில், எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் பயந்துகொண்டு கேட்பார்கள். இந்த அம்மா ஆசையோடு கேட்டது போல அவனுக்குத் தோன்றியது. தப்பாகத்தான் காதில் விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டான்.

"அத அவர்கிட்டத்தாங்க சொல்லணும். கைப்பட்டை வேலை செய்யல, மாத்தலாம்னு வந்தேன். சார் இருக்காருங்ளா?"

"இருக்காரு. உள்ள வாங்க. சாப்டீங்ளா?"

சாப்டீங்களா என்ற ஒரு வார்த்தை அவனை என்னவோ செய்தது. இன்னும் இல்லை என்று தலையாட்டினான். அவள் அடுப்படிக்குப் போனாள்.

கூடத்தில் சாப்பாட்டு மேசை. அதன் மேல் 4417-இன் தட்டு, ஓரத்தில் பச்சை விளக்கு. தட்டுக்கு எதிரே சுவரில் ஒரு புகைப்படம். வெள்ளை பனியனும் கழுத்தில் விசிலுமாக ஒரு மெலிந்த மனிதர், படத்துக்குச் சந்தனமாலை. சபரிநாதன் படத்தைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான். பையிலிருந்த புதுக் கைப்பட்டையை வெளியே எடுக்காமல் கையை மெதுவாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

மணி ஒன்று. அவள் வந்து தட்டில் சோறு போட்டாள். பருப்புக் குழம்பு ஊற்றினாள், பீன்ஸ் வைத்தாள், கடைப் பொட்டலத்தைப் பிரித்து இரண்டு ஜாங்கிரி வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, தட்டோர விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாப்பாட்டைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்க்கவில்லை, விளக்கை மட்டும் பார்த்தாள். இருபது நிமிடம் அப்படியே போனது. பிறகு தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். கைப்பிடிச் சுவரின் மேல் மொத்தத்தையும் ஒரே தள்ளாகத் தள்ளினாள். காத்திருந்த காக்கைகள் இறங்கின.

அந்த ஒரு நொடி அதுதான். அவனோடு பதினோரு மாதம் சாப்பிட்டது காக்கைகள்.

"எப்பங்க?" என்றான்.

"போன ஆடில. பதினோரு மாசம் ஆச்சு."

"திட்டத்துக்குச் சொல்லலீங்ளா? ஆள் போயிட்டா நிழலை மூடிருவாங்க. அதுக்கும் ஊட்டிட்டே இருக்கறோம்."

"அதுக்குத்தான் சொல்லல." அவள் தட்டைக் கழுவித் துடைத்து மேசையில் வைத்தாள். விளக்கு பச்சையாகவே எரிந்தது. "என்ற பேரு பூங்கொடி. உக்காருங்க தம்பி. நா ஒண்ணு கேக்கோணும். அதுக்கு நீங்க மெய் சொல்லோணும். அதுக்கு முன்னால நா பண்ணுனதச் சொல்லிப்போடறேன்."

சொன்னாள். நாலு வீட்டில் சொல்லிப் பழகிய கதை போல இல்லை. யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது, அதனால் முன்னும் பின்னுமாக வந்தது.

தனபால் மாஸ்டர் ஓய்வு பெற்றும் காலையில் மைதானத்தைப் பத்துச் சுற்று சுற்றுகிற ஆள். திட்டத்தில் சேர்ந்ததே அவள் வற்புறுத்தித்தான். இரண்டு வருடம் எல்லாம் பச்சை. திடீரென்று கைப்பட்டையில் சர்க்கரை ஏறியது. நூற்றெண்பது, இருநூற்றுப் பத்து, இருநூற்றறுபது. தட்டில் பார்த்தால் அளவான சாப்பாடு. அதே சாப்பாட்டைத் தின்ற நிழலும் நன்றாக இருந்தது. நிழலகத்திலிருந்து தகவல் வந்தது: தட்டுக்கு வெளியே உணவு. அதாவது ஐயா வெளியில் திருட்டுத்தனமாகத் தின்கிறார்.

"இல்லைன்னாரு. பூவு, சத்தியமா நா ஒண்ணுந் திங்கலன்னாரு. நா நம்பல. மிஷினு பொய் சொல்லுமான்னு கேட்டேன். மனுசன்தான பொய் சொல்லுவான்? வெரல மோந்து பாப்பேன் தம்பி. கொழந்தைக்குப் பாக்கற மாதிரி. பள்ளிக்கூடத்துக்கு எதிர்த்தாப்புல ஒரு பேக்கரி இருக்குது, அவரு காலைல ஓடிட்டு அங்கதான் நின்னு பேசிட்டு வருவாரு. ஒரு நா நேராப் போயி, எங்கூட்டுக்காரருக்குப் பப்சு கிப்சு குடுத்தீங்கன்னா நடக்கறது வேறன்னு சத்தம் போட்டுப்போட்டேன். அவரு அங்கயே நின்னுட்டிருந்தாரு. அவருகிட்டப் படிச்ச பசங்க நாலு பேரு இருந்தாங்க. ஒண்ணும் பேசல. ஊட்டுக்கு வந்தாரு. வாசப்படில நின்னுட்டு டவுசரு ரெண்டு பாக்கெட்டயும் வெளிய இழுத்துக் காட்டுனாரு. அப்பறந்தான் உள்ள வந்தாரு."

பூங்கொடி வாசற்படியைப் பார்த்தாள்.

"அதுக்கப்பறம் தெனம் அப்படித்தான். பாலு வாங்கப் போயிட்டு வந்தாக்கூட வாசப்படில நின்னு பாக்கெட்ட இழுத்துக் காட்டிட்டுத்தான் உள்ள வருவாரு. ரோசத்துல பண்றாருன்னு நெனச்சேன். திருடன்கூட உக்காந்து திங்க மாட்டேன்னு நானும் தட்ட எடுத்துட்டு அடுப்படிக்குப் போயிட்டேன். கடசி வரைக்கும் தனித்தனியாத்தான்."

அவள் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்தாள். நிழலகத்துத் தகவல்களின் அச்சுப் பிரதிகள். கூடவே ஒரு கற்றை, குடும்பச் சாட்சிப் படிவம். தட்டுக்கு வெளியே உணவு என்று ஒருவர் மீது பதிவானால், வீட்டில் ஒருவர் வாராவாரம் அவரைக் கவனித்து எழுதிக்கொடுக்க வேண்டும். வெளியே சாப்பிட்டாரா? ஆம், இல்லை. இரண்டே கட்டம். பதினாறு வாரம், பதினாறு படிவம், பதினாறிலும் ஆம் கட்டத்தில் நீல மையில் அழுத்தமாக ஒரு டிக்.

"நீங்க பாத்தீங்களாங்க? அவர் சாப்பிட்டதை?"

"ஒரு நாளும் பாக்கல. சர்க்கரை ஏறிட்டே இருக்குதில்லீங்? திங்காம எப்படி ஏறும்னு டிக் போட்டேன்."

பதினாறாவது டிக்கோடு அவருடைய பிரிவு மாறியது. தன்வினை என்று பெயர். தானாக வரவழைத்துக்கொண்ட நோய். தன்வினைக்காரர்களுக்கு வைத்தியத்தில் கடைசி வரிசை. முதுகில் குத்துகிறது, சாப்பிட்டால் வயிற்றிலிருந்து முதுகுக்கு இழுக்கிறது என்று அவர் சொன்னபோது ஸ்கேனுக்கு ஆறு மாதம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். அந்த இடைவெளியில் எட்டுக் கிலோ குறைந்தார். எடை குறைப்பில் முன்னேற்றம், வாழ்த்துகள் என்று நிழலகம் ஒரு நட்சத்திரம் அனுப்பியது. அதன் அச்சுப் பிரதியும் கவரில் இருந்தது. ஸ்கேன் எடுத்த அன்று கணையத்தில் கட்டி என்றார்கள். அதன்பின் நாற்பது நாள்.

"ஆஸ்பத்திரில நா கேட்டேன், எதுனாலன்னு. ரொம்ப நாளு சர்க்கரையக் கவனிக்காம உட்டா இப்படியும் வரும்னு ஒரு டாக்டரு சொன்னாரு. இன்னொருத்தரு ஒண்ணுமே சொல்லல. எம்பையன் பெங்களூர்ல இருந்து வந்தவன், அப்பா நாக்கக் கட்டியிருந்தா இன்னும் பத்து வருசம் இருந்திருப்பாருன்னான். எல்லாரும் சொன்னாங்க. ஆனா அவரு போறதுக்கு மொத நாளு, கட்டில்ல படுத்திருக்கறாரு, பாக்கெட் இல்லாத ஆஸ்பத்திரி உடுப்பு, அந்தக் கையி ரெண்டும் ரெண்டு பக்கமும் பாக்கெட்டத் தேடுது தம்பி. வெளிய இழுத்துக் காட்ட."

காக்கைகள் கலைந்து போய்விட்டன. பின்பக்கம் அமைதியாக இருந்தது.

"மனசு கேக்கல. அவரு பொய் சொன்னாரா, மெய் சொன்னாரா? அவர எழுப்பிக் கேக்க முடியாது. அப்பத்தான் ரோசன வந்துச்சு. அவரு நெழலு உங்ககிட்ட இருக்குதில்லீங்? அதுவும் அவருதான? அவரு என்ன திருடித் தின்னாருன்னு நா நெனச்சனோ, அதயெல்லாம் அந்தத் தட்டுல வெச்சேன். ஜாங்கிரி, லட்டு, பப்சு, கச்சாயம். பதினோரு மாசம். நெழலுக்கு அது ஒம்பது வருசமாமே, புஸ்தகத்துல போட்டிருக்கறீங்க. தின்னு வந்த சர்க்கரையா இருந்தா அதுக்கும் வரோணுமில்ல? வந்துருச்சுன்னா, அவரு தின்னாரு, நா கண்டிச்சேன், அவ்வளவுதான். நா தூங்குவேன். தெனம் இந்த வெளக்கப் பாக்கறேன், செவக்குதா செவக்குதான்னு. இப்ப நீங்களே வந்திருக்கறீங்க. சொல்லுங்க. வந்துருச்சுங்ளா?"

கேள்வி தப்பாகக் காதில் விழவில்லை என்பது அவனுக்கு இப்போது புரிந்தது. அவள் ஆசையோடுதான் கேட்டாள்.

4417-இன் குப்பியை அவன் திங்கள்தோறும் பார்ப்பவன். ஒன்பது வருட ஜாங்கிரியைச் செரித்துவிட்டு, கல்லுக்குண்டாக உட்கார்ந்திருக்கும் கணையம் அது. இன்சுலினில் ஒரு குறையும் இல்லை. இந்தப் பிடிவாதக்காரக் குப்பியை வேடிக்கையாகச் சிலரிடம் காட்டியும் இருக்கிறான்.

வந்துவிட்டது என்று சொன்னால் போதும். இந்த அம்மா இன்றைக்குத் தூங்கிவிடுவாள். படத்தில் இருப்பவர் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை. நிழலை மூடிவிட்டால் கேட்க ஒரு நாதியும் இருக்காது. ஒரு பொய் இவ்வளவு வசதியாகத் தன் முன் வந்து நின்றதாக அவனுக்கு நினைவில்லை. வாயைத் திறந்தான். அப்போது மேசையிலிருந்த முதல் தகவலின் அடிவரி கண்ணில் பட்டது. தட்டுக்கு வெளியே உணவு: உறுதி. பார்வையாளர் எண் 19.

பார்வையாளர் 19 அவன்தான். ஒரு நாளைக்கு இருநூறு தகவலுக்கு உறுதி போடுவான். படித்துப் போட்டது, படிக்காமல் போட்டது என்று அவனுக்கே தெரியாது. இருநூற்றிலும் இரண்டே கட்டம்தான் இருக்கும்: நிழலுக்கும் சர்க்கரை, அல்லது தட்டுக்கு வெளியே. அவன் சொல்லப்போன பொய் இந்த அம்மாவை மட்டும் காப்பாற்றப்போகிற பொய் இல்லை என்று உறைத்தது. 

"இல்லீங்கம்மா," என்றான். "வரல."

அவள் தட்டோர விளக்கைத் திரும்பிப் பார்த்தாள்.

"நிழல் நல்லா இருக்குது. கணையத்துல இருந்துதாங்க இன்சுலின் வரணும், அதுதான் சர்க்கரையக் கட்டுல வெக்கறது. தின்னு தின்னு, இல்ல பரம்பரையா, ஒடம்பு இன்சுலினுக்கு மசியாமப் போயி, கடசில கணையம் ஓஞ்சுபோறது ஒரு வழி. நாங்க பாக்கறது அந்த ஒரு வழியத்தான். இன்னொரு வழி இருக்குது. கணையத்துலயே நோய் வந்துட்டா, வீக்கமோ, கல்லோ, கட்டியோ, அப்பவும் சர்க்கரை ஏறும். மேல இருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும். ஆனா ரெண்டாவதுல, உள்ள ஒண்ணு கெட்டுப்போச்சுன்னு சொல்றதுக்குத்தான் சர்க்கரை மொதல்ல வருது."

"கட்டிதான் மொதல்லயா?"

"அப்படித்தாங்க தெரியுது. கட்டி அவர் வயித்துல ஒரு எடத்துல வந்தது. குப்பில இருக்கற நிழலுக்கு அது வரல, அதனால நிழலுக்குச் சர்க்கரையும் வரல. அவருக்கு ஏறுது, நிழலுக்கு ஏறலன்னா, கணையத்த ஒடனே பாருங்கன்னு அர்த்தம். நாங்க அதத் திருட்டுத் தீனின்னு படிச்சோம். வெளிய தின்னுட்டுத் திரியற ஆளு எதுக்குங்க எட்டுக் கிலோ குறையப்போறாரு? அதையும் நாங்க கேக்கல. நட்சத்திரம் அனுப்பிட்டோம்."

"அப்ப அவரு திங்கல."

"அது எனக்குத் தெரியாதுங்க. ஒரு பப்சு தின்னாரோ என்னமோ. ஆனா ஒம்பது வருசம் ஜாங்கிரி தின்னாலும் அந்த ஒடம்புக்கு அந்தச் சர்க்கரை வந்திருக்காது. அவர் திருடுனாருன்னு சொல்றதுக்கு அந்த நம்பரத் தவிர நம்மகிட்ட வேற ஒண்ணுமே இருந்ததில்லை. அந்த நம்பரு அவர் மேல சொன்ன சாட்சி இல்லீங்க. அவருக்காகச் சொன்னது."

பூங்கொடி படிவங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சீராக அடுக்கினாள். பதினாறையும் அடுக்கிவிட்டு, தகவலின் அடிவரியில் விரலை வைத்தாள்.

"இந்தப் பத்தொம்பது யாருங் தம்பி?"

"நாந்தாங்க."

அடிப்பாள் என்று நினைத்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். அவள் அவனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான்.

"நீங்க ஒரு டிக் போட்டீங்க. அவரு யாருன்னே உங்களுக்குத் தெரியாது," என்றாள். "நா பதினாறு போட்டேன். முப்பத்தஞ்சு வருசம் கூட இருந்துட்டு."

அழுவாள் என்று காத்திருந்தான். அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். சும்மா உட்கார்ந்திருந்தாள், அவனும் உட்கார்ந்திருந்தான். சுவரில் தனபால் மாஸ்டர் விசிலோடு நின்றார்.

"ஜாங்கிரி அவருக்குப் புடிக்கவே புடிக்காது," என்றாள். "அரிசும் பருப்பும்னு ஒண்ணாப் பொங்குன சோறும் ஒரு கரண்டி நெய்யும் இருந்தாப் போதும். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் தெனம் ஜாங்கிரி வெச்சேன்."

அவன் எழுந்தான். வாசல் வரை வந்தாள்.

"நெழல எப்ப மூடுவீங்க?"

"இறப்பைப் பதிஞ்சா அன்னைக்கே மூடிருவாங்க."

"பதியப் போறீங்ளா?"

அவன் குனிந்து செருப்பை மாட்டினான்.

"மூட வேண்டாம். அவருக்குன்னு இருக்கற சாட்சி அது ஒண்ணுதான். இந்தக் கட்டையும் கொண்டு போங்க." படிவக் கவரை அவன் கையில் வைத்தாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை, சாப்பிட்டுப் போங்கள் என்றும் சொல்லவில்லை. கதவு சாத்திய சத்தம் மட்டும் கேட்டது. பஸ்ஸில் அவனுக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. சத்தியமங்கலத்துப் பூக்கூடையோடு ஏறிய ஒரு பெண் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு இடம் தேடிப் போனாள்.

மறுநாள் காலை அறிக்கையில் எழுதினான்: 4417, கைப்பட்டை பழுது, அடுத்த முறை மாற்றப்படும். வேலைக்குச் சேர்ந்து அவன் எழுதிய முதல் பொய் அது. பிறகு தான் உறுதி போட்ட தகவல்களையெல்லாம் திறந்தான். ஆளுக்குச் சர்க்கரை ஏறியிருக்க வேண்டும், நிழல் நன்றாக இருக்க வேண்டும், எடை குறைந்திருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தவர்களைத் தேடினான். 4417 போக நாற்பத்தொரு பேர். எல்லோருக்கும் வாழ்த்து நட்சத்திரம் போயிருந்தது. பதினைந்து பேரின் குப்பிகள் ஏற்கெனவே மூடப்பட்டுவிட்டன.

ரூபவதியின் அறைக்குப் போய்ச் சாட்சிப் படிவக் கட்டை மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னான்; 4417-ஐ மட்டும் இப்போதைக்கு மூட வேண்டாம் என்றான். அவள் படித்தாள். 

"தகவல்ல கணைய நோய்னு மூணாவது கட்டம் சேர்க்கணும்னா மேலிடத்துக்கு எழுதணும். மாசக்கணக்கா ஆகும் சபரி. அதுவரைக்கும் நாம யாருக்கும் எதுவும் சொல்ல முடியாது. பெயர் பார்க்கறதே விதிமீறல். வேலை போயிரும்."

"நீங்க மேலிடத்துக்கு எழுதுங்க மேடம்," என்றான். "நான் கீழ போறேன்."

கீழே வந்து, மீதி இருபத்தாறு பேரின் பெயர்களையும் தொலைபேசி எண்களையும் எடுத்தான். முதல் எண் பல்லடம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு ஆண் குரல், மெலிந்த குரல், எடுத்தது.

"வணக்கங்க, நிழலகத்துல இருந்து பேசறேன்."

"சார், நான் வெளிய ஒண்ணும் சாப்பிடல சார்," என்றது அந்தக் குரல் அவசரமாக. "சத்தியமா சாப்பிடல. வேணும்னா எம் பொண்ணுகிட்டக் குடுக்கறேன், கேட்டுப் பாருங்க."



"தெரியுங்க," என்றான். "நீங்க சாப்பிடல. அதச் சொல்றதுக்குத்தான் கூப்பிட்டேன். இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயி, கணையத்த ஸ்கேன் எடுத்துப் பாக்கணும்னு சொல்லுங்க. தேதி குடுத்தா ஒத்துக்காதீங்க. இன்னைக்கேன்னு சொல்லுங்க."

மறுமுனையில் அந்த மனிதர் தொலைபேசியை வைக்காமலேயே வீட்டுக்குள் யாரையோ கூப்பிடுவது கேட்டது. "மாலு, இங்க வா. இவங்க சொல்றதக் கேளு. நான் திங்கலையாம். வந்து கேளு."

மதியம் ஒரு மணிக்குள் ஆறு பேரிடம் பேசிவிட்டான். ஆறு பேரில் ஐந்து பேர் அவன் வாயைத் திறக்குமுன் அதே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்.

ஒரு மணிக்குப் பழக்கதோஷத்தில் 4417-ஐத் திறந்தான். தட்டு காலியாக இருந்தது. ஐந்து, பத்து நிமிடம் ஆகியும் காலி. இனி அந்தத் தட்டில் ஒன்றும் விழாது என்று முடிவு செய்து திரையை மூடப் போனான். ஒன்று பதினைந்துக்குச் சோறு விழுந்தது. அரிசும் பருப்பும் என்று கணினி காட்டியது. நெய், ஒரு கரண்டி. அப்பளம் ஒன்று. இனிப்பு எதுவுமில்லை.

இருபது நிமிடம் வழக்கம்போல ஒன்றும் நடக்கவில்லை. மொத்தமும் ஒரே நொடியில் மறையப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

எடை பதினெட்டு கிராம் குறைந்தது. நின்றது. இன்னும் பதினைந்து கிராம் குறைந்தது. ஒரு வாய், இன்னொரு வாய். அவர் தட்டில், கையால் எடுத்து, யாரோ ஒருவர் சாப்பிடுகிறார். பாதியில் ஒன்பது நிமிடம் அப்படியே நின்றுபோனது. சபரிநாதன் தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, தொடாமல் காத்திருந்தான். மறுபடி பத்து கிராம் குறைந்தது.

அவனும் ஒரு வாய் எடுத்து வைத்துக்கொண்டான்.